அம்மம்மாவின் பேச்சைப் பதிவு செய்யப் போகிறீர்களா? கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

ஊர்ப் பேச்சைச் சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாக ஒரு கொப்பியும் பேனையுமாகப் போய் உட்கார்ந்து, "அம்மம்மா, பழைய சொல் ஏதாவது சொல்லுங்கோ" என்று கேட்பார்கள். அவரும் யோசித்து யோசித்து நாலைந்து சொல்லுவார், அதோடு சரி. கதிரையும் சப்பாத்தும் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை, கந்தோரும் லாச்சியும் ஒல்லாந்தர் தந்தவை என்பதையெல்லாம் ஏற்கெனவே எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், அதற்கு உங்கள் அம்மம்மா தேவையில்லை. அவரிடம் இருப்பது வேறு சரக்கு: யாரோடு எப்படிக் கதைப்பது, யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது, எந்த விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்வது. இதெல்லாம் கதைக்கும்போதுதான் வெளியே வரும், கேட்டால் வராது.

கருவி பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். உங்கள் போன் போதும். ஒலிப்பதிவு ஆப் ஒன்றைப் போட்டு, செட்டிங்ஸில் வேவ் (WAV) கோப்பாகச் சேமிக்கச் சொல்லுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 320 எம்பி பிடிக்கும், அந்தளவு இடம் இருக்கிறதா என்று முதலே பாருங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் பதிய வேண்டாம், அது ஒலியைச் சுருக்கிவிடும். ஏரோப்ளேன் மோடில் போடாவிட்டால் நல்ல இடத்தில்தான் யாராவது கோல் எடுப்பார்கள். போனை வெறும் மேசையில் வைக்காமல் மடித்த துவாயின் மேல் வையுங்கள், பாத்திரம் வைக்கிற சத்தமெல்லாம் மேசை வழியாக ஏறும். மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாத மத்தியானத்தில் திருகோணமலையில் ஒரு வயதானவரிடம் விசிறியை நிறுத்தச் சொல்வது பாவம், அதனால் விடியற்காலையில் போங்கள். காகம் கத்தினால் கத்தட்டும்.

அடுத்ததுதான் பெரிய தொல்லை. சிவப்புப் புள்ளி எரிந்ததும் எங்கள் ஆட்கள் வானொலித் தமிழுக்கு மாறிவிடுவார்கள். "நான் தம்பலகாமத்தில் பிறந்து வளர்ந்தேன், எனது தந்தையார் ஒரு விவசாயி" என்று செய்தி வாசிக்கத் தொடங்குவார்கள். வீட்டில் அப்பா என்று கூப்பிட்ட மனிதர் போனைக் கண்டதும் தந்தையார் ஆகிவிடுகிறார். நீங்கள் வாழ்க்கை வரலாறு கேட்டால் இதுதான் கிடைக்கும். கையில் வேலை இருக்கும்போது போங்கள். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது போனை ஒரு ஓரமாக வைத்துவிட்டு (வைத்திருப்பதைச் சொல்லிவிட்டுத்தான்), "பாரைக்கும் சூடைக்கும் ஒரே மாதிரித்தான் புளி விடுறதோ?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் போனை மறந்துவிடுவார். "தள்ளு பிள்ள, நீ வெட்டுற வெட்டுக்கு முள்ளுத்தான் மிஞ்சும்" என்று ஒரு வசனம் வந்துவிட்டதென்றால் இனி எல்லாம் வரும். ஏச்சும் செல்லமும் கேலியும் ஒரே மூச்சில் வருகிற அந்த இடம்தான் உங்களுக்கு வேண்டியது. முடிந்தால் அவர் வயதை ஒத்த பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டி வந்து உட்கார வையுங்கள். பேரப்பிள்ளையோடு கதைக்கிற பேச்சும் சிநேகிதியோடு கதைக்கிற பேச்சும் ஒன்றில்லை. அவர்கள் இருவரும் தொடங்கியதும் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும், இது சொல்வது போல லேசான காரியமில்லை.

எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த தந்திரம் கலியாண ஆல்பம். ஆல்பத்தை மடியில் விரித்து வைத்து ஒவ்வொரு முகமாகத் தொட்டு, "இது ஆர்? உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். "இவர் பெரியம்மாட மகன், எனக்கு அண்ணன்." "இது மாமாட மகன், மச்சான்." இரண்டு பேரையும் இப்போது எங்கள் பிள்ளைகள் கசின் என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அம்மம்மாவின் காலத்தில் இந்த இரண்டு பேருக்கும் நடுவே ஒரு மதில் இருந்தது. ஒருவர் கூடப்பிறந்தவர் மாதிரி, மற்றவரைக் கட்டலாம், கட்டாவிட்டாலும் கேலி பண்ணலாம். அமெரிக்க மானுடவியலாளர் லூயிஸ் ஹென்றி மோர்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை ஆய்வில் தமிழ் உறவுச்சொற்களுக்கு முக்கிய இடம் கொடுத்தது இந்த ஒழுங்கைப் பார்த்துத்தான். கேட்கும்போது சொல்லோடு நிற்காமல், அந்த மச்சானுக்கு முன்னால் எப்படி நடந்துகொள்வீர்கள், அண்ணனுக்கு முன்னால் எப்படி என்றும் கேளுங்கள். அங்கேதான் ஆல்பத்தை மூடிவைத்துவிட்டுக் கதை தொடங்கும். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு முஸ்லிம் வீட்டில் இதே வேலையைச் செய்தால் வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா என்று வேறொரு வரிசை வரும், மச்சான் மட்டும் இரண்டு பக்கமும் மச்சான்தான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கோப்புக்கு "திருகோணமலைத் தமிழ்" என்று பெயர் வைக்காதீர்கள். அப்படி ஒரே தமிழ் இங்கே இல்லை. யாழ்ப்பாணத்து வேர் உள்ள டவுண் குடும்பம், மட்டக்களப்பில் பெண் எடுத்த வீடு, வெருகல் பக்கத்துக் கரையோர வேடர், வீட்டுக்குள் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசி வந்த பறங்கியர், எல்லாரும் ஒரே சந்தையில்தான் மீன் வாங்குகிறார்கள். ஆகவே பதிவின் தொடக்கத்திலேயே திகதி, இடம், கதைப்பவர் எங்கே பிறந்தார், எங்கே வாழ்க்கைப்பட்டார், எங்கெல்லாம் இடம்பெயர்ந்தார், யாரோடு கதைக்கிறார் என்று உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். 2006இல் யுத்தத்தால் சம்பூரை விட்டு வெளியேறி முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தவரின் பேச்சில் அந்த ஆண்டுகளும் இருக்கும், அது தெரியாமல் கேட்டால் பாதி விளங்காது.

மொழி நம் நினைப்பை எவ்வளவு தூரம் செதுக்குகிறது என்று பெரிய வாதமே இருக்கிறது. மொழிதான் சிந்தனைக்குச் சிறை என்கிற முரட்டு வாதத்தை இப்போது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆனால் நம் பழக்கத்தை மொழி ஒரு பக்கமாகத் திருப்பிவிடும் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு: அவுஸ்திரேலியாவின் கூகு இமிதிர் மொழிக்காரர்கள் (கங்காரு என்ற சொல் 1770இல் ஆங்கிலத்துக்குப் போனது அவர்களிடமிருந்துதான்) பக்கத்தில் இருக்கிற பொருளைக்கூட இடம் வலம் என்னாமல் வடக்கு தெற்கு என்றுதான் சொல்வார்கள். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நிலாவெளியில் ஒரு முதியவரிடம் கோயிலுக்கு வழி கேளுங்கள், அதையே அவர் பேரனிடமும் கேளுங்கள், இரண்டையும் பதியுங்கள். யார் "கிழக்கால போய்" என்கிறார், யார் "லெப்டில திரும்பி" என்கிறார் என்று நீங்களே கேட்டுக்கொள்வீர்கள்.

பிறகு எழுத்தாக்கம். ஒரு நிமிடப் பேச்சை எழுதப் பத்து நிமிடம்கூடப் போகலாம், எல்லாவற்றையும் எழுத வேண்டாம், நல்ல துண்டுகளை எழுதினால் போதும். நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தின் ஈலான் (ELAN) என்ற இலவச மென்பொருளில் ஒலிக்கு நேரே வரியை எழுதலாம். ஒரே நிபந்தனை: திருத்தாதீர்கள். "அவ நேத்து வந்தவ" என்றால் அப்படியே. குறிப்பாக நீ, நீர், நீங்கள் மூன்றிலும் கை வைக்கவே கூடாது. யாழ்ப்பாணத்திலும் எங்கள் பக்கத்துப் பல வீடுகளிலும் கணவர் மனைவியை "நீர்" என்றும் மனைவி கணவரை "நீங்கள்" என்றும் சொல்வார்கள். மரியாதை என்று நினைத்து அந்த நீரை நீங்கள் ஆக்கினால், அந்த வீட்டில் யார் எங்கே நின்றார்கள் என்பதையே அழித்துவிட்டீர்கள்.

அனுமதி இரண்டு தடவை கேளுங்கள், பதியுமுன் ஒன்று, போட்டுக் காட்டியபின் ஒன்று. கதைக்கிற உற்சாகத்தில் யுத்த கால விஷயங்களும் அயலவர் பெயர்களும் வந்துவிடும். "இதை எடுத்துப்போடு" என்றால் அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள், ஏன் என்று கேட்க வேண்டாம். மிச்சத்துக்கு மூன்று பிரதி: உங்கள் கணினியில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று, கதைத்தவரின் வீட்டுக்கு ஒரு பென் டிரைவில் ஒன்று. குடும்பம் சம்மதித்தால், இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கிற நூலக நிறுவனத்துக்கும் (Noolaham) கொடுக்கலாம், அவர்கள் வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறார்கள். கோப்புப் பெயரைத் திகதியில் தொடங்குங்கள், 2025-03-14-மூதூர்-மீன் வெட்டுதல் என்கிற மாதிரி. ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து ஓடவிட்டுப் பாருங்கள், பென் டிரைவ் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும்.