எலும்புச் சில் இல்லாமல் நாட்டுக்கோழி வெட்ட

நாட்டுக்கோழியை வீட்டில் வெட்டினால் குழம்பில் எலும்புச் சில் வந்துகொண்டே இருந்தது. சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் அது பயம்தான். காரணம் கத்தியின் எடை. லேசான கத்தி எலும்பில் பாதியிலேயே நின்றுவிடும். மறுபடி போட்டால் பக்கத்தில் விழுந்து எலும்பு நொறுங்கும். அதனால் கொல்லுப்பட்டறையில் முதுகு தடித்த, முக்கால் கிலோ வெட்டுக்கத்தி வாங்கினேன். வாயை மெல்லிசாகச் சாணை பிடிக்க விடவில்லை. வாயின் ஒவ்வொரு பக்கமும் 25 டிகிரி சரிவாக இருந்தால்தான் அது எலும்பில் பட்டு உடையாது. புளியங்கட்டை, அடியில் ஈரத்துணி. தொடையை மூட்டுப் பார்த்துப் பிரித்துவிடுவேன், அங்கே ஓங்கவே வேண்டாம். முதுகெலும்புக்கு மட்டும் ஒரே போடு. அப்போது இடது கை கட்டையிலேயே இருக்கக் கூடாது. அப்புறம், இரும்புக் கத்தி என்பதால் கழுவியதும் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வைக்கிறேன்.