சின்ன அரங்கில் சைக்கடெலிக் ராக்: காதும் இடமும் தவறக் கூடாது

கனவு மயக்கம்போன்ற உணர்வைத் தரும் ராக் வகையான சைக்கடெலிக் ராக்குக்குச் சத்தம் மேற்பூச்சு அல்ல. ஃபஸ் பெடல் என்ற காலால் இயக்கும் கருவியில் கரகரக்கும் கிட்டார், ஸ்பீக்கர் ஒலி கிட்டாருக்கே திரும்பி விடாமல் நீளும் ஃபீட்பேக், நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் தாழ்சுர பேஸ் எல்லாம் அந்த அளவு ஒலியில்தான் முழுதாகப் பிடிபடும். ஆனால் கூரை தாழ்ந்த சின்ன அறையில் அதே சத்தம் ஒரே இரவில் காதைக் கெடுக்கவும் போதும்.

காதடைப்பான் போட்டால் இசை கெட்டுவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஒலி அளவு மீறினால் செவியே திணறும். நுணுக்கங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அளவைக் குறைத்தால் அவை பிரிந்து கேட்கும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் பரிந்துரைப்படி 85 டெசிபல் (சத்தத்தின் அளவு) உள்ள இடத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம். கூடுகிற ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். அப்படியானால் 94 டெசிபலுக்கு 1 மணி நேரம், 100 டெசிபலுக்கு 15 நிமிடம். இந்த வகை இசைக்குழு 100-ஐத் தாண்டுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அரங்குகளுக்குச் சொன்ன உச்ச வரம்பும் 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல்தான்.

நுரைக் காதடைப்பான் மேல்சுர அலைகளை அதிகமாக வெட்டும். சிம்பலும் குரலும் மங்கும், பேஸ் மட்டும் மிஞ்சும். இசைக்கென்றே வடிகட்டி வைத்துச் செய்த காதடைப்பான் எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய சமமாக 15 முதல் 20 டெசிபல் வரை குறைக்கும். அடிக்கடி போகிறவர்கள் அதையே வாங்குங்கள். நுரைதான் கையில் இருக்கிறதென்றால் சரியாகப் போடுங்கள். மெல்லிய குச்சிபோல உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரியும் வரை 30 விநாடி விரலால் பிடிக்க வேண்டும். உங்கள் குரல் உங்களுக்கே குடத்துக்குள் பேசுவதுபோல முழங்கினால் சரியாக அடைத்திருக்கிறது. டிஷ்யூவைச் சுருட்டி வைப்பது சில டெசிபலுக்குமேல் உதவாது.

நண்பரிடம் பேச நடுவில் கழற்றுவது பலரும் அறியாத நஷ்டம். ஒரு மணி நேரத்தில் 6 நிமிடம் கழற்றினாலே, 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானின் மொத்தப் பலன் 10 டெசிபலாகச் சுருங்கிவிடும். பேச வேண்டுமானால் வெளியே போய்விடுங்கள். முதல் சுரத்துக்கு முன்பே காதில் இருக்க வேண்டும். வலித்த பிறகு போடுவது தாமதம்.

அடுத்தது இடம். மேடையை ஒட்டி நின்றால் குரல் கேட்கவில்லையே என்று பலர் குறைப்படுகிறார்கள். அங்கே கேட்பது டிரம்ஸும், கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்களும்தான். பாடகரின் குரல் வருகிற பெரிய ஸ்பீக்கர்கள் உங்களைத் தாண்டிப் பின்னால் பார்த்திருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே நிற்பதும் கூடாது. மேல்சுரங்கள் கற்றையாக நேரே பாய்வதால், இரண்டடி விலகினாலே கூர்மை தணியும். பின்சுவரிலும் மூலைகளிலும் பேஸ் தேங்கிக் குழையும். சிறந்த இடம், எல்லா ஒலிகளையும் கலந்து சரிசெய்யும் மிக்ஸர் பலகைக்குச் சற்று முன்னால். ஒலிப் பொறியாளர் அங்கே கேட்டுத்தான் சமன் செய்கிறார். பலகை மூலையில் இருந்தால், அறையின் நடுக்கோட்டில், மேடையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் நில்லுங்கள். முதல் இரண்டு பாட்டை வைத்து ஒலியை எடைபோடாதீர்கள். வெற்று அறையில் சரிசெய்த சமன், கூட்டம் நிரம்பியதும் மாறிவிடும்.

மேடை முழங்கால் உயரமே இருந்தால் அதன் விளிம்பில் கோப்பை வைக்காதீர்கள். கிட்டார் கலைஞரின் பெடல்கள் அங்கேதான் தரையில் வரிசையாகக் கிடக்கும். ஒன்றில் தண்ணீர் இறங்கினாலே முழு இணைப்பும் ஊமையாகலாம்.

15 நிமிடம் ஓடும் பாட்டில் சத்தம் அடங்கியதும் முடிந்துவிட்டது என்று கத்தாதீர்கள். அந்த அடக்கம் அடுத்த எழுச்சிக்கான ஏற்பாடு. டிரம்ஸ்காரரைக் கவனித்தால் புரிந்துவிடும்.

விட்டுவிட்டு வேகமாக மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு உண்டா என்று முன்பே விசாரிக்க வேண்டியவர்கள் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள். விநாடிக்கு 3 முதல் 30 வரை மின்னுவது அவர்களுக்கு ஆபத்து. எதிர்பாராமல் தொடங்கினால் கண்களை மூடுவது போதாது, ஒளி இமை வழியாகவும் நுழையும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மறைத்து, வேறு பக்கம் திரும்பி வெளியேற வேண்டும்.

வீடு திரும்பும்போது ஹெட்ஃபோன் மாட்டாதீர்கள். அன்றிரவு காதுக்கு ஓய்வு தேவை. ரீங்காரமோ மந்தமோ ஓரிரு நாளில் தணியாவிட்டால் காது மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே போய்விடுங்கள், அதற்கான சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் தரும்.