பிரியும் பெற்றோர் குழந்தைக்கான உடன்பாட்டை எழுதும் முறை

பிரிவதென்று முடிவானதும், சொத்தையும் ஜீவனாம்சத்தையும் பேசுவதற்கு முன்பாகவே, குழந்தை யாருடன் வசிக்கும், மற்றவரை எந்தெந்த நாளில், எத்தனை மணிக்குச் சந்திக்கும் என்பதை எழுத்தில் கொண்டுவாருங்கள். ‘வசதிப்படி பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் வாசகம் பிற்காலப் பூசல்களுக்கு இடமளிக்கும். ஆகவே பள்ளி விடுமுறை, பண்டிகை, பிறந்தநாள், குழந்தையை ஒப்படைக்கும் இடம், தாமதமானால் தெரிவிக்கும் முறை வரை குறிப்பிடுவது நல்லது.

பராமரிப்புத் தொகை வேறு, சந்திக்கும் உரிமை வேறு. பணம் வரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்ட மறுப்பதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, குழந்தையின் நலனுக்குக் கேடு விளையாத வரை, இரு பெற்றோருடனும் தொடர்பில் இருப்பதைக் குழந்தையின் உரிமையாகவே கூறுகிறது. குழந்தையின் கருத்தைக் கேளுங்கள். ஆனால் இருவரில் யார் வேண்டும் என்று கேட்டு அதன் மனத்தை வதைக்காதீர்கள்.

மற்றவரின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இன்றிக் குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வது, நாடு கடந்த குழந்தைக் கடத்தல் குறித்த 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை நடைமுறையில் உள்ள நாடுகளுக்கிடையே, திருப்பி அனுப்பும் உத்தரவில் முடியலாம்.

வன்முறை நிகழ்ந்த வீட்டில் சமரசப் பேச்சு முதற்படி அன்று. பாதுகாப்பு உத்தரவும் வழக்கறிஞரின் உதவியுமே முதலில் தேவை. வன்முறை நிகழாத குடும்பங்களில், பெற்றோர் கையெழுத்திட்ட உடன்பாட்டை நீதிமன்ற உத்தரவாகவும் பெற்றுக்கொண்டால், அது மீறப்படும்போது நிறைவேற்றக் கோருவது எளிதாகும்.