கப்பலேறித் தமிழ்நாடு போகும் திருகோணமலைக் குடும்பங்கள் விடுகிற பிழைகள்

ஓகஸ்ட் லீவுக்குத் தமிழ்நாடு போகும் பேச்சு எங்கள் ஊரில் பல வீடுகளில் சித்திரை வருஷம் முடிந்த கையோடு தொடங்கிவிடுகிறது. முன்பென்றால் கொழும்பு போய் விமானம் ஏறுகிற செலவை நினைத்தே பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் கப்பல் விட்டு, மழைக்காலம் வந்து சில நாளிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் திரும்பத் தொடங்கியதிலிருந்து கணக்கு மாறிவிட்டது. "இங்கால நம்ம வானில போவம், அங்கால ஒரு வான் பிடிப்பம், நடுவில நாலு மணித்தியாலம் கடல்" என்று அம்மம்மா முதல் சின்னவன் வரை எல்லோரும் பேசுகிறார்கள்.

போங்கள், நல்ல பயணம்தான். ஆனால் பாஷை ஒன்று, கோயில் ஒன்று, சோறும் குழம்பும் ஒன்று என்பதால் யாழ்ப்பாணம் போவதை இன்னும் கொஞ்சம் நீட்டினால் தமிழ்நாடு என்ற நினைப்பு வந்துவிடுகிறது. வருகிற பிழைகளில் முக்கால்வாசி அந்த நினைப்பில்தான் பிறக்கிறது. நாகையில் இறங்கின நிமிஷத்திலிருந்து நீங்கள் வெளிநாட்டுக்காரர். கோயில் பட்டியலைப் பிறகு போடலாம், முதலில் கடதாசி.

கடதாசியில் அதிகம் பேர் மாட்டுவது பிள்ளைகளின் பாஸ்போட்டில். அப்பா அம்மாவின் பாஸ்போட் பத்து வருஷத்துக்கு எடுத்தது, அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு "எல்லாம் இருக்கு" என்று இருந்துவிடுவார்கள். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுப்பது மூன்று வருஷத்துக்குத்தான். போன முறை மடுவுக்கும் வேளாங்கண்ணிக்கும் சேர்த்து நேர்த்தி வைத்துப் போய் வந்த பிள்ளையின் பாஸ்போட் இப்போது அநேகமாகக் காலாவதி. போதாததற்கு, இந்திய விசாவுக்கு ஆறு மாதமாவது செல்லுபடிக்காலம் மிச்சம் இருக்கவேண்டும். ஆகவே இன்றைக்கே எல்லாப் பாஸ்போட்டையும் மேசையில் பரப்பி வைத்து முடியும் தேதிகளை ஒரு துண்டில் எழுதுங்கள். புதுப்பிக்க வவுனியா அலுவலகத்துக்கு ஓடவேண்டி வந்தால் அது யூன் மாதத்து வேலை, ஓகஸ்ட் முதல் கிழமையில் செய்கிற வேலை இல்லை.

அடுத்தது விசா. கைக்குழந்தைக்கும் தனி விசா வேண்டும். இ-விசா சுலபம், வீட்டிலிருந்தே போடலாம், உண்மைதான். ஆனால் இ-விசாவோடு இந்தியாவுக்குள் நினைத்த வழியாலெல்லாம் நுழைய முடியாது. அதற்கென்று பட்டியல் போட்டுக் குறித்த இடங்களால் மட்டும்தான். வெளியேறும்போது இந்தக் கட்டுப்பாடு இல்லை, நுழையும்போதுதான். விண்ணப்பத்தில் எங்கே வந்து இறங்குவீர்கள் என்று கேட்கிற இடத்தில் சென்னை விமான நிலையத்தைத் தட்டிவிட்டு, பிறகு கப்பல் மலிவு என்று மனம் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். நாகப்பட்டினத் துறைமுகம் நீங்கள் விண்ணப்பிக்கிற நாளில் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள், இல்லையென்றால் பாஸ்போட்டில் ஒட்டுகிற விசாவுக்கே போய்விடுங்கள். இன்னொன்று, கூகுளில் தேடினால் மேலே வருகிற முதல் தளம் அரசாங்கத்தின் தளமாக இருக்கவேண்டும் என்றில்லை. முகவரி ஜிஓவி டொட் இன் என்று முடிகிறதா பாருங்கள், முடியாவிட்டால் அது இடைத்தரகர், இரண்டு மடங்கு காசு வாங்குவார்.

அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு கடதாசி இருக்கிறது. மாகாண சபை, கல்வித் திணைக்களம், ஆஸ்பத்திரி என்று எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது அப்படி இருப்பார். பள்ளிக்கூட லீவுதானே என்று ரீச்சர்மார் நினைக்கிறார்கள். லீவு நாளாக இருந்தாலும் நாட்டை விட்டுப் போவதற்கு வெளிநாட்டு விடுமுறை அனுமதி வேண்டும், அந்தக் கோப்பு அதிபர், வலயம் என்று ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கும். கணவருக்குக் கிடைத்து மனைவிக்குக் கிடைக்காமல் போனால் டிக்கட் காசை யாரிடம் கேட்பது?

சரி, கப்பல். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்னமும் கேட்கிறார்கள்: வானைக் கப்பலில் ஏற்ற முடியாது. அது ஆட்களை மட்டும் ஏற்றுகிற கப்பல். 2024இல் வந்த 'சிவகங்கை'யில் 150 பேருக்குத்தான் இடம். லீவு காலத்தில் எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரே நாளில் இடம் கிடைப்பது கஷ்டம், அதனால் திகதி இறுதியான உடனே போட்டுவிடவேண்டும். பொதியின் எடைக்கு ஆரம்ப காலத்தில் போய் வந்தவர்கள் சொன்ன கணக்கை வைத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் டிக்கட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

பெரிய பிழை, கப்பலை பஸ் மாதிரி நினைப்பது. காற்றுக் கடுமையாக இருந்தால் ஓடாது. ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காலத்தில் நம்பவே முடியாது. ஓகஸ்டிலும் கச்சான் இழுத்து அடிக்கிற நாளில் பாக்கு நீரிணை சும்மா இருக்காது. கோட்டைக் கடற்கரையில் நின்று பார்த்துவிட்டு கடல் அமைதி என்று சொல்லக்கூடாது, அது வேறு கடல். வாந்தி வருகிற பிள்ளைகளுக்கு மருந்தை ஏறிய பிறகு கொடுத்துப் பயனில்லை, ஏறுவதற்கு முன்பே கொடுங்கள். போகிற பக்கம் ஒரு நாளும் வருகிற பக்கம் இரண்டு நாளும் சும்மா விடுங்கள். பள்ளிக்கூடம் திங்கட்கிழமை தொடங்குகிறது, ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் வருவோம் என்று போடுகிற திட்டம் திட்டமே இல்லை. அவசரம் வந்தால் பலாலிக்கு வருகிற விமானம் ஒரு வழி, ஆனால் கடைசி நேரத்து விலை ஒரு குடும்பத்துக்குத் தாங்காது.

அதேபோல, காங்கேசன்துறையில் கப்பல் பிற்பகல்தானே புறப்படும், விடியப்புறம் திருகோணமலையில் வெளிக்கிட்டால் போதும் என்பார்கள். ஹொரவப்பொத்தான, வவுனியா, ஏ9 வழியாக ஏறக்குறைய 240 கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. கணக்கு சரிவரும் போலத்தான் இருக்கும். பன்குளம் தாண்டி ஹொரவப்பொத்தானப் பக்கம் விடியாத இருட்டில் யானை றோட்டில் நிற்கிறதே, அதை யார் கணக்கில் சேர்ப்பது? ஒரு ரயர் போனாலும் கப்பல் போய்விட்டது, ஏனென்றால் சுங்கம் குடிவரவு எல்லாம் முடிக்கப் பல மணி முன்பே அங்கே நிற்கவேண்டும். முதல் நாளே யாழ்ப்பாணம் போய்ப் படுத்து எழும்புங்கள். நல்லூரில் திருவிழா நடக்கிற நாளாக இருந்தால் தங்க இடத்தையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகையில் இறங்க மாலையாகிவிடும். அந்த இரவே மதுரைக்கு வானை விடச் சொல்கிறவர்களை என்ன சொல்வது! அங்கேயே தங்குங்கள், அல்லது வேளாங்கண்ணி போய்த் தங்குங்கள், பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். ஓகஸ்ட் 29இலிருந்து செப்டம்பர் 8 வரை மாதா திருவிழா. அந்த நாட்களில் அறை கிடைக்கும் என்று நம்பிப் போகவேண்டாம்.

தங்குமிடத்தில்தான் "நம்ம ஆக்கள்" என்ற நினைப்பு பலமாக அடிவாங்குகிறது. வெளிநாட்டவரைத் தங்கவைக்கிற எந்த இடமும் 24 மணித்தியாலத்துக்குள் சி படிவம் என்று வழக்கமாகச் சொல்கிற ஒன்றை நிரப்பி அதிகாரிகளுக்கு அனுப்பவேண்டும். அதற்குப் பதிவு செய்யாத சின்ன லொட்ஜ்கள் பாஸ்போட்டைக் கண்டதும் "ரூம் இல்லைங்க" என்று சொல்லிவிடுவார்கள். நெட்டில் காசு கட்டிப் போட்ட அறையாக இருந்தாலும் இதுதான் கதை. ஆகவே போடுவதற்கு முன்பு போன் எடுத்து, இலங்கைப் பாஸ்போட், சி படிவம் போடுவீர்களா என்று நேராகக் கேளுங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் அந்த வீட்டுக்காரர் அதைச் செய்யவேண்டும், அவர்களுக்கு இது தெரியாமல்கூட இருக்கலாம்.

இனி அங்கத்தைய வான். யாரோ தெரிந்தவரின் வீட்டு வண்டி மலிவாக வருகிறது என்றால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோக வண்டி. வெள்ளைப் பலகையில் வாடகைக்குப் போய் விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதி கையை விரித்துவிடும், நடுவழியில் மறித்தால் சாரதிக்கும் உங்களுக்கும் தலையிடி. நானே ஓட்டுவேன் என்கிறவர்கள் கொழும்பில் ஓட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச லைசன்ஸ் எடுத்துக்கொண்டு போகவேண்டும். இரண்டு பக்கமும் இடதுபக்கம்தான் ஓட்டம் என்றாலும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கமாக வருகிற மோட்டார் சைக்கிளைப் பழகும் வேலை எதற்கு? சாரதியோடு எடுங்கள்.

வாடகைக் கணக்கை நம்ம ஊர் ஹயஸ் கணக்கு மாதிரி நினைக்கவும் கூடாது. கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று சொல்வார்கள், கேட்க மலிவாக இருக்கும். அதோடு ஒரு நாளைக்குக் குறைந்தது இவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கும், பெரும்பாலும் 250 கிலோமீற்றர். நாகூர் தர்காவும் வேளாங்கண்ணியும் போய்விட்டு ஐம்பது கிலோமீற்றர்கூட ஓடாமல் வந்தாலும் 250க்குக் காசு. அதற்குமேல் டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், கேரளா போனால் பெர்மிட். வண்டி திருச்சியிலிருந்து வந்தால் அது நாகைக்கு வெறுமனே வந்து போகிற தூரமும் உங்கள் தலையில்தான், வண்டி அதன் இடத்திலிருந்து வெளிக்கிட்டுத் திரும்ப அங்கே போய்ச் சேரும் வரைக்கும் மீற்றர். ஆகவே பக்கத்து இடங்களை முதல் நாள் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ முடித்துவிட்டு, தூரம் போகிற நாளிலிருந்து வானைப் பிடியுங்கள். பேசின எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

இடங்களைக் கூட்டிப் போடுவது எல்லோரும் செய்கிற வேலை. தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம், பழனி, கொடைக்கானல், சென்னை என்று ஒரு கிழமைக்குள் அடுக்குவார்கள். நாகையிலிருந்து மதுரைக்கே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம். அதுபோக, பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்தினால் திரும்பத் திறக்க மாலை நாலு மணியாகும், பன்னிரண்டரைக்குப் போய் இறங்கினால் வெயிலில் சூடான கல்லில் பிள்ளைகளோடு நிற்கவேண்டியதுதான். மே மாதம் போகிறவர்களுக்கு 4ஆம் திகதியிலிருந்து கத்திரி என்கிற உச்ச வெயிலும் சேரும். கொடைக்கானல், ஊட்டி போகும் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ், அதாவது நெட்டில் எடுக்கிற அனுமதி, என்ற முறை வந்தது, நீதிமன்ற உத்தரவு. மலை ஏறுவதற்கு முன்பே சாரதியிடம் சொல்லி எடுத்துவையுங்கள்.

சில்லறை விஷயங்களும் இருக்கின்றன. போன பயணத்தில் மிஞ்சிய 2000 ரூபாய் இந்திய நோட்டு அலுமாரியில் இருந்தால் அதை நம்பாதீர்கள், 2023இலேயே மீளப் பெற்றுவிட்டார்கள். அங்கே தேநீர்க் கடையிலும் போனில்தான் காசு கட்டுகிறார்கள், எங்கள் வங்கிக் கணக்கு அதில் வேலை செய்யாது, ஆகவே சில்லறையாகக் காசு வைத்திருங்கள். சதுரப் பின் சார்ஜர் அங்கத்தைய பிளக்கில் போகாது. அப்பப்பாவின் பிரஷர் மருந்தைக் கைப்பையிலும் டொக்டரின் துண்டை அதோடும் வையுங்கள், பெரிய பொதிக்குள் போட்டால் தேவைப்படும் நேரம் கைக்கு வராது. நகையைக் குறையுங்கள், கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரிப் போட்டுக்கொண்டு இறங்கினால் சுங்கத்தில் கேள்வி வரும்.

திரும்பி வருகிற நாளை இங்கத்தைய சாரதிக்கு உறுதியாகச் சொல்லாதீர்கள். நாகையில் கப்பல் ஏறியபிறகு போன் எடுக்கிறேன் என்று சொல்லிவையுங்கள், அல்லது யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். வராத கப்பலுக்காகக் காங்கேசன்துறையில் காத்து நிற்கிற வானுக்கும் நாள் வாடகை உண்டு.