பட்டர்கப் பூவில் உட்காரும் கறுப்பு ஈ: அடையாளம் காண்பது எப்படி?

ஹோவர்ஃப்ளை, அதாவது காற்றில் ஒரே இடத்தில் மிதந்து நிற்கும் ஈ வகை, என்றதும் எல்லோருக்கும் குளவி மாதிரி மஞ்சள் வரி போட்ட ஈதான் நினைவுக்கு வரும். அதில் ஓர் இனமான கைலோசியா அல்பிடார்சிஸ் அப்படி இல்லை, மொத்தமாகக் கறுப்பு. அதனால்தான் பிரிட்டனில் பரவலாக இருந்தும் பலர் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

முதலில் ஈயைத் தேடாதீர்கள், பூவைத் தேடுங்கள். மே, ஜூன் மாதங்களில் ஈரமான புல்வெளி, பாதையோரம், தோட்டத்து மூலை என்று எங்கும் பளபளக்கும் மஞ்சள் பட்டர்கப் பூத்திருக்கும். அதில் தரையோடு ஓடுதண்டு விட்டு, கணுவுக்குக் கணு வேர் பிடித்துப் படரும் வகைதான் ரனன்குலஸ் ரெபன்ஸ். பூக்காம்பைத் தடவினால் நீளவாக்கில் பள்ளம் தெரியும். பூவுக்கு அடியில் இருக்கும் பச்சை இதழ்கள் கீழ்நோக்கி மடங்கியிருந்தால் அது பல்போசஸ் என்ற வேறு வகை, அதையும் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். செடியைக் கிள்ள வேண்டாம், அதன் சாறு தோலில் பட்டால் கொப்புளம் கூட வரலாம். ஆனால் இந்த ஈயின் புழு வளர்வது அதே ரெபன்ஸ் செடியின் வேரில்தான்! வளர்ந்த ஈ வந்து உட்கார விரும்புவதும் பட்டர்கப் பூவில்தான்.

சரி, வெயில் வந்ததும் பூக்களைப் பாருங்கள். கறுப்பாக ஏதாவது உட்கார்ந்திருந்தால் இறக்கையை எண்ணுங்கள். இரண்டு என்றால் ஈ, நான்கு என்றால் தேனீ வகை. கைலென்ஸ் இருந்தால் இறக்கையின் நடுவில் மற்ற நரம்புகளோடு சேராமல் தனியாக ஓடும் ஒரு போலி நரம்பு தெரியும், அது ஹோவர்ஃப்ளைகளின் முத்திரை.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். பட்டர்கப்புக்கு வரும் கறுப்பு ஹோவர்ஃப்ளை எல்லாம் இதே இனம் கிடையாது, அதனால் முன்னங்கால் பாதத்தைப் பார்க்க வேண்டும். பாதத்தில் ஐந்து துண்டுகள் இருக்கும், முதலும் கடைசியும் கறுப்பு, நடுவில் இருக்கும் மூன்றும் வெளிர் மஞ்சள். ஈ பூவில் நிற்கும்போது மேலிருந்து, பாதம் தெளிவாக விழும்படி நாலைந்து படம் எடுங்கள். முதுகை மட்டும் எடுத்த அழகான படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு சிக்கல் உண்டு. கைலோசியா ரனன்குலி என்ற இதன் இரட்டையை 2000-இல்தான் தனி இனமாகப் பிரித்தார்கள். அதுவும் இதே கோலத்தில் இருக்கும், பல்போசஸ் பூக்கும் வறண்ட புல்வெளிகளில் அதிகம் எதிர்பார்க்கலாம். கண்கள் இரண்டும் தலை உச்சியில் ஒட்டியிருந்தால் ஆண். ஆணின் முன்பாதத்துக் கடைசித் துண்டு நீளத்தைவிட அகலமாக, முக்கோணம் போல இருந்தால் அல்பிடார்சிஸ், நீண்டு, பக்கங்கள் இணையாக இருந்தால் ரனன்குலி. பெண்களை நம்பகமாகப் பிரிக்க முடியாது, படத்தை வைத்து அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் பிரிட்டனின் ஐரெக்கார்ட் இணையதளத்தில் பதிவு செய்யும்போது, பெண் ஈ என்றால் இரண்டு இனங்களையும் சேர்த்து 'அல்பிடார்சிஸ் குழு' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த வகைப் பட்டர்கப்பில் பார்த்தீர்கள் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள், பலர் விட்டுவிடுவது அதைத்தான்.