திருகோணமலையில் குதிரைக்குத் தீவனம்: எது ஆகும், எது ஆகாது

குதிரைக்கு மாட்டைப் போல அசைபோடும் இரைப்பை இல்லை. தின்றதை வாந்தியாக வெளியே தள்ளவும் அதனால் முடியாது. ஆகவே "ஆடு தின்னுது, மாடு தின்னுது, குதிரைக்கு என்ன?" என்று நினைத்துத் தீவனம் போடாதீர்கள். இங்கே வேலிக்கு நடும் சீமைக்கிளுவைக் குழையை ஆடு மாடுகளுக்கு வெட்டிப் போடுவது வழக்கம். குதிரைக்கு அது நஞ்சு. இபில் இபில் என்னும் தீவன மரத்தின் குழையைத் தொடர்ந்து கொடுத்தால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும்.

முக்கிய உணவு புல்தான். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குப் பச்சைப் புல் 25 முதல் 30 கிலோ தேவை. காய்ந்த புல்லானால் ஏறத்தாழ 6 கிலோ. வயிறு நெடுநேரம் வெறுமையாகக் கிடக்காதபடி நாலைந்து தடவையாகப் பிரித்துப் போடுங்கள். அறுகம்புல் கிடைத்தால் வேறு யோசனை வேண்டாம். வெட்டிய புல்லைச் சாக்கில் அடைத்து வைத்தால் சூடேறிப் புளிக்கும். அதைத் தின்ற குதிரைக்கு வயிற்றுவலி வரும்.

கினிப்புல்லிலும் நேப்பியர் புல் வகைகளிலும்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அவற்றில் உள்ள ஒட்சலேற்று, தீவனத்திலுள்ள கல்சியத்தைக் கட்டிவிடுகிறது. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் நெல் ஆலைத் தவிடு சுலபமாகக் கிடைப்பதால் அதையும் அள்ளிப் போடுகிறார்கள். தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் சொற்பம். இந்தப் புல்லும் தவிடும் சேர்ந்தால் உடல் எலும்பிலிருந்து கல்சியத்தை உருவத் தொடங்கும். முதலில் காரணம் தெரியாத நொண்டல், பிறகு கண்ணுக்குக் கீழே முக எலும்பு இருபுறமும் வீங்கும். இதைத் தடுக்க அறுகம்புல்லையும் வேறு புற்களையும் கலந்து கொடுங்கள், தவிட்டைக் குறையுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கிலோ தவிட்டுக்கும் தீவனத்துக்கென விற்கும் சுண்ணாம்புக்கல் தூள் 50 கிராம் சேருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், வாயைப் புண்ணாக்கும்.

கோழித்தீவனத்தைக் குதிரைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதில் சேர்க்கப்படும் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத் தசையைச் சிதைக்கும். ஒரே வாளியை இரண்டுக்கும் பாவிப்பதும் ஆபத்து. பூஞ்சணம் பிடித்த சோளம் மூளையையே பாதிக்கும். வெயிலில் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

செடிகளில் முதல் எதிரி அலரி. கோயில் நந்தவனத்திலும் வீட்டு முற்றத்திலும் அழகுக்கு நிற்கும் செவ்வலரி, மஞ்சள் அலரி இரண்டுமே இதயத்தை நிறுத்தக்கூடியவை. முப்பது நாற்பது இலையே ஒரு குதிரையைக் கொல்லப் போதும். கத்தரித்துப் போட்ட கிளை காய்ந்த பிறகும் நஞ்சு குறையாது, கசப்பு மட்டும் குறைவதால் குதிரை தயங்காமல் தின்றுவிடும். வெட்டிய அன்றே அகற்றுங்கள். எருக்கலை, ஆமணக்கு விதை, ஊமத்தை, கார்த்திகைக் கிழங்கு, குன்றிமணி, நாயுண்ணி ஆகியவையும் மேய்ச்சல் நிலத்தில் இருக்கக்கூடாது. கச்சான் காற்று வீசிப் புல் கருகும் மாதங்களில் வேலியை வாரம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள், பசித்த குதிரை வழக்கமாக ஒதுக்குவதையும் கடிக்கும்.

உப்புவெளி, நிலாவெளி போன்ற மணல் நிலத்தில் தீவனத்தைத் தரையில் கொட்டாதீர்கள். புல்லோடு போகும் மணல் குடலில் தங்கி அடைக்கும். ஆறேழு இலத்தி உருண்டைகளை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அடியில் மணல் படிந்தால் மிருக வைத்தியரிடம் இசப்புக்கோல் உமி கொடுப்பது பற்றிக் கேளுங்கள்.

ஆசைக்குக் கொடுக்க வத்தகப்பழத் தோல், வாழைப்பழம், கொட்டை நீக்கிய மாம்பழம், நீளவாக்கில் வெட்டிய கரட் போதும். வட்டமாக வெட்டினால் தொண்டையில் சிக்கும். வெங்காயம், ஆனைக்கொய்யா, பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கு, தக்காளிச் செடி, கோவா, பாண், சக்கரைப் பொங்கல் வேண்டாம். உப்பு தினம் 30 கிராம். வேலை செய்து வியர்க்கும் குதிரைக்கு இன்னும் கூட்டலாம். தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்கட்டும். புதிய தீவனத்தைப் பத்து நாளில் படிப்படியாகப் பழக்குங்கள்.

நஞ்சைத் தின்றதாகச் சந்தேகம் வந்தால் தீவனத்தை எடுத்துவிட்டுத் தாடைக்கு அடியில் நாடியைப் பாருங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இயல்பு. 60ஐத் தாண்டினாலோ தாளம் தவறினாலோ உடனே மிருக வைத்தியரை அழையுங்கள். தின்ற செடியின் ஒரு கிளையை எடுத்து வையுங்கள். போத்தலால் எண்ணெயோ கசாயமோ வாயில் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும்.