நாய்க்குப் பயிற்சி கொடுக்க ட்ரீட் தேர்ந்தெடுப்பது எப்படி?

ட்ரீட் என்றால் சொன்னதைச் செய்ததும் நாய்க்குப் பரிசாகக் கொடுக்கும் சின்னத் தீனி. எந்த ட்ரீட் நல்லது என்பதை உங்கள் நாயிடமே கேட்டுவிடலாம். இரண்டு கையிலும் வேறு வேறு தீனியை வைத்து மூடிக்கொண்டு முகரக் கொடுங்கள், எந்தக் கையை விடாமல் முட்டுகிறதோ அதுதான் அதற்கு உசத்தி. கையை மாற்றி மாற்றி வைத்தும் பாருங்கள், ஏனென்றால் சில நாய்கள் உள்ளே என்ன இருந்தாலும் ஒரே பக்கமாகத்தான் போகும். நாய்க்கு ருசியைவிட வாசனைதான் முக்கியம் என்பதால், உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறித் துண்டுக்கு முன்னால் அழகான வடிவத்தில் வரும் காய்ந்த பிஸ்கட் பெரும்பாலும் தோற்றுப்போகும்.

அப்புறம் அளவு. ஒரு பட்டாணி அளவு போதும், குட்டி நாய் என்றால் அதிலும் பாதி. பெரிய துண்டு கொடுத்தால் கூடுதலாக மகிழும் என்று நினைக்க வேண்டாம், எத்தனை தடவை கிடைக்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. மெத்தென்று இருப்பதும் முக்கியம். நாய் உட்கார்ந்த ஓரிரு விநாடிக்குள் ட்ரீட் வாய்க்குப் போய், உடனே விழுங்கிவிட்டு அடுத்து என்ன என்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். கெட்டியான பிஸ்கட் என்றால் கடித்து, உதிர்த்து, தரையில் விழுந்த தூளைத் தேடி நக்கி முடிப்பதற்குள் நீங்கள் என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்பதே மறந்துவிடும்.

எல்லா இடத்துக்கும் ஒரே ட்ரீட் போதாது. வீட்டுக்குள் அமைதியாக இருக்கும்போது அது தினமும் சாப்பிடும் உலர் தீனியே வேலை செய்யும். வெளியே மற்ற நாய்கள், பறவைகள், வண்டிச் சத்தம் என்று ஆயிரம் இழுப்புகள் இருக்கும்போது அதே தீனியை நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. கறி, மீன், கொஞ்சம் சீஸ் மாதிரி வாசனை தூக்கலான வகைகளை அங்கே எடுத்துப் போங்கள். இருப்பதிலேயே உசத்தியானதை மட்டும், கூப்பிட்டதும் ஓடி வருவதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். அவசரத்தில் நாயின் உயிரைக் காப்பாற்றுவது அந்த ஒரு பழக்கம்தான், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

நாள் முழுக்கக் கொடுக்கும் ட்ரீட் எல்லாம் சேர்ந்து, அதற்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பயிற்சி அதிகமான நாளில் சாப்பாட்டு வேளைக்கான உலர் தீனியிலிருந்தே ஒரு பங்கை எடுத்துப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். சீஸ், சாஸேஜ் இரண்டிலும் கொழுப்பும் உப்பும் அதிகம், ஆகவே அளவோடு கொடுங்கள். ஒரேயடியாகக் கொழுப்பு உள்ளே போனால் சில நாய்களுக்குக் கணைய அழற்சி வரும். குண்டாகிக்கொண்டு வரும் நாய்க்குப் பொடியாக நறுக்கிய கேரட், விதை நீக்கிய ஆப்பிள் நல்லது.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திராட்சை, உலர்ந்த திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சாக்லேட், மெக்கடேமியா கொட்டை, வெந்த எலும்பு எதுவும் கூடாது. சர்க்கரை இல்லாதது என்று விற்கும் பண்டங்களிலும் சில பீனட் பட்டர்களிலும் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி, ஈரலையும் பாதிக்கும், ஆகவே லேபிளைப் படிக்காமல் ஒரு ஸ்பூன்கூடக் கொடுக்காதீர்கள். தெரியாமல் தின்றுவிட்டால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவருக்கு போன் செய்யுங்கள்.

புதிய ட்ரீட்டை ஒரு நேரத்தில் ஒன்று என்றுதான் அறிமுகப்படுத்த வேண்டும், அப்போதுதான் வயிற்றுப்போக்கோ அரிப்போ வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்கலாம். நாய்களுக்கு மாட்டிறைச்சி, பால், கோழி இவற்றால்கூட ஒவ்வாமை வருவதுண்டு.

வீட்டில் ஆசையாகத் தின்னும் அதே கறியை வெளியே வாங்க மறுக்கிறதா? பெரும்பாலும் அது பயத்திலோ பதற்றத்திலோ இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் உசத்தியான தீனியைத் தேடி ஓடாமல், பயமுறுத்துவதிலிருந்து தள்ளிப் போங்கள், அது தானாக வாய் திறந்து வாங்கும் தூரம் வரை போய் அங்கிருந்து பயிற்சியைத் தொடங்குங்கள்.